உப்பைத் தலைதட்டாதவள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கருவாட்டுக் கூடையோடு வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உதித்தது என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியருக்கு ரொம்பப் பிடிக்கும். ஜன்னலோரம் உட்கார எனக்கு ஏது நேரம்?

திருவள்ளூரில் எங்கள் தெருவுக்குப் பழவேற்காட்டு அஞ்சம்மாள் கருவாடு கொண்டுவருவாள். முதல் நாள் ஊத்துக்கோட்டை பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிவிட்டு, மிச்சக் கூடையோடு மறுநாள் எங்களிடம் வருவாள். போன ஆடி மாசம் ஒருநாள், என் முறத்தில் நெத்திலியை அள்ளிப் போட்டுக்கொண்டே, "ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு பொண்ணு கீதும்மா. உப்புல மாட்டிக்கினு இன்னா முழி முழிச்சிது தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து விறகை அணைத்தது. நான் எழுந்திருக்கவே இல்லை.

அஞ்சம்மாள் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. எந்தப் பாதி யாருடையது என்று நோண்டாதீர்கள். மனசு கேட்காத இடங்களில் நானே சொல்லிவிடுவேன்.

2

முதல் வரியைப் பல தினுசாக எழுதிப் பார்த்தேன்.

"ஆரணியாற்றங்கரையில், பச்சைப் பசேலென்ற வயல்களுக்கு நடுவே…" — வேண்டாம். கதை சித்திரையில் நடக்கிறது. சித்திரையில் அங்கே பச்சையும் கிடையாது, பசேலும் கிடையாது. அறுத்த தாளும் வெடித்த மண்ணும்தான்.

"கெங்கம்மாளின் கண்களில் இனம் தெரியாத ஒரு சோகம்…" — சோகமாவது, மண்ணாங்கட்டியாவது! நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரிக்கிற பெண் அவள்.

"ஊறுகாய் போடுவதும் கதை எழுதுவதும் ஒன்றே. இரண்டுக்கும் பொறுமை…" — இதை எழுதியதும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஊறுகாய் போடத் தெரிந்தவள் எவளும் இப்படிச் சொல்லமாட்டாள். கதை கெட்டால் கிழித்து அடுப்பில் போடலாம். ஒரு ஜாடி ஆவக்காய் கெட்டால் ஒரு வீடே வருஷம் பூராவும் வெறும் கூழைக் குடிக்க வேண்டும்.

அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கெங்கம்மாளுக்குத் தனிக்குடித்தனம் போக வேண்டும். கதை அவ்வளவுதான்.

3

எழுபத்து மூன்றாம் வருஷம். கெங்கம்மாளின் புருஷன் துளசிராமனுக்குக் கும்மிடிப்பூண்டியில், புதிதாக வந்த தொழிற்பேட்டையில், ஆணியும் திருகாணியும் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. தினம் போய்வருகிற தூரமில்லை. அங்கேயே நாலு ஆட்களோடு ஒரு அறையில் தங்கினான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். ஓட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டு, பூண்டு கஷாயம் குடிப்பதற்கென்றே ஊருக்கு வருகிற மாதிரி ஆகிவிட்டது.

(துளசிராமனை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கதைக்குள் விடுகிறேன். கம்பெனிக்காரனும் அப்படித்தான் விட்டான்.)

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டைப் பார்த்து வைத்துவிட்டு வந்து சொன்னான். அன்றிலிருந்து கெங்கம்மாளுக்கு அந்தச் சமையல்கட்டே நினைப்பு. எந்த மூலையில் அடுப்பு, எந்த ஆணியில் முறம் என்று மனசுக்குள்ளேயே குடித்தனம் நடத்தினாள். மாமனார் மாமியார் கிடையாது. வீட்டுக்குப் பெரியவர் துளசிராமனின் அண்ணன் செங்கல்வராயன். நிலம் நீச்சு எல்லாம் அவர் பார்வை. அவரிடம் கேட்டபோது, "எனுக்கு ஒண்ணுமில்லப்பா. உங்க அண்ணி சரின்னா சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார்.

ஆக, எல்லாம் தாயாரம்மாள் கையில். செங்கல்வராயனின் பெண்சாதி, கெங்கம்மாளுக்கு ஓரகத்தி.

நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். ஆசிரியரும் அதைத்தான் சொல்லி அனுப்பினார்: "ஓரகத்தியைக் கொஞ்சம் கொடுமைக்காரியாகப் போடுங்களேன்." போட்டுப் பார்த்தேன். "தாயாரம்மாள் பல்லை நறநறவென்று கடித்தபடி…" — ஒரு பாராவுக்கு மேல் அந்தப் பொம்பளை நிற்கவில்லை. அவள் கொடுமைக்காரி இல்லையே, நான் என்ன செய்ய? வெள்ளிக்கிழமை ஆனால் கெங்கம்மாளை இழுத்து உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைக்கிறவள். மீன்குழம்பில் நடுத்துண்டை இவள் தட்டில் ஒளித்துவைக்கிறவள். இரண்டு பேரும் சேர்ந்து நெல் புடைக்க உட்கார்ந்தால் பேச்சுக்கு ஓய்வே இருக்காது. இவள் போய்விட்டால் அந்த வீட்டில் தனக்குப் பேச ஆளே இல்லை என்பது தாயாரம்மாளுக்குத் தெரியும். கெங்கம்மாளை விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது. அதை வாயைத் திறந்து சொல்ல வரவில்லை. வேறு என்னவோ வந்தது.

"தனி ஊடுன்னா சும்மாவா? ஒரு ஜாடி ஊறுகா கெடாம போடத் தெரியுமாடி உனுக்கு?"

"சொல்லிக் குடுத்தா போட்டுட்டுப் போறேன்க்கா."

"சொல்லிக் குடுத்தா போடறதுக்கு நீ எதுக்கு? இந்த வருஷம் நீயே போடு. ஆடி மொத ஞாயித்துக்கெழமை எல்லம்மாவுக்குக் கூழு ஊத்தும்போது ஜாடியத் தெறக்கலாம். கெடாம இருந்திச்சின்னா உன் ஜாமானக் கட்டு. கெட்டுப் போயிருந்திச்சின்னா கம்முனு இங்கியே கெட."

"சத்தியமா?"

"எல்லம்மா மேல சத்தியம். அதுவரிக்கும் ஊறுகா ரூம்பு பக்கம்கூட நான் எட்டிப் பார்க்கமாட்டேன், போ."

4

இங்கே அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாங்காய் அரிவது, துணியால் ஈரம் துடைப்பது, கடுகு இடிப்பது, மிளகாய் காயவைப்பது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். உப்பு போடுவது மட்டும் ஒரே கை. அந்தக் கை தாயாரம்மாளுடையது. உப்பு போடும்போது மற்றவர்கள் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். கண் பட்டால் ஊறுகாய் பூத்துப்போகும் என்பார்கள்.

(எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நான் உப்பு போடும்போது என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிடுவேன். கண்ணுக்குப் பயந்து இல்லை. பச்சை மாங்காயை எடுத்துத் தின்பார்.)

அதனால் கெங்கம்மாள் அந்த வீட்டுக்கு வந்த நாளாக மாங்காய் அரிந்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள், கடுகு இடித்துக் கண்ணீர் விட்டிருக்கிறாள். உப்பு அளப்பதை மட்டும் பார்த்ததில்லை. கதவுக்கு வெளியே நின்றபோது காதில் விழுந்ததுதான் அவளுக்குத் தெரியும்: நாலு படி காய்க்கு ஒரு படி உப்பு.

வீட்டு மரத்தில் இருந்த காய் அத்தனையும் இறக்கினார்கள். ஓட்டோடு சேர்த்து வெட்டுவதற்குப் பெரிய அரிவாள்மணை. கெங்கம்மாள் காலால் அழுத்திக்கொண்டு வெட்டினாள். உள்பருப்பைத் தோண்டி எறிந்தாள். ஒவ்வொரு துண்டையும் வெள்ளைத்துணியால் துடைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் தன் கும்மிடிப்பூண்டி போய்விடும் என்ற பயத்தில், ஊறுகாய் முடிகிற வரைக்கும் கைகூடக் கழுவவில்லை.

அப்புறம் உப்பு.

தாயாரம்மாள் கல்லுப்பைக் கல்லுப்பாகவேதான் போடுவாள். கெங்கம்மாளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவளுக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டிருக்கும். கல்லாகக் கிடந்தால் எப்போது கரைவது, எப்போது காயில் ஏறுவது? உரலில் போட்டு மாவாக இடித்தாள். இடித்ததைப் படியில் அள்ளினாள்.

அவள் பிறந்த வீடு சத்தியவேடு பக்கம். அங்கே நெல்லையும் உப்பையும் அளந்தால் தலைதட்டமாட்டார்கள். இரண்டும் லட்சுமி. லட்சுமியின் தலையில் எவளாவது கை வைத்து வழிப்பாளா? கல்லுப்பைக் குவித்தால் நிற்காது, சரிந்துவிடும். மாவாக இடித்த உப்பு நிற்கும். கெங்கம்மாள் பக்தியோடு கோபுரமாகக் குவித்து, தட்டாமல், சிந்தாமல், படி படியாக ஜாடிக்குள் கவிழ்த்தாள். அவள் ஒரு படி என்று நினைத்ததில் ஒன்றரைப் படிக்கு மேல் உப்பு போயிற்று. கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, செக்கு நல்லெண்ணெய் எல்லாம் போட்டுக் கிளறி, வாய்க்கு வெள்ளைத்துணியால் வேடு கட்டினாள். சாமி கும்பிட்டாள். மனசு நிறைந்து போயிருந்தது, பாவம்.

5

மூன்றாம் நாள் கிளறிவிட வேண்டும். வேடு அவிழ்த்தாள். எண்ணெய் மேலே நின்றது, நிறம் செக்கச்செவேலென்று வந்திருந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

("கெங்கம்மாளின் முகம் கோணியது" — ரொம்பக் கம்மி. "உலகமே இருண்டது" — ரொம்ப ஜாஸ்தி. துப்பினாள். அவ்வளவு போதும்.)

துப்பிவிட்டு, ஒருவேளை அந்தத் துண்டு மட்டும் அப்படியோ என்று அடியிலிருந்து இன்னொன்று எடுத்தாள். அதையும் துப்பினாள். நாக்கு மரத்துப்போயிற்று. படியை எடுத்துப் பார்த்தாள், உரலைப் பார்த்தாள். வாசலில் தாயாரம்மாள் ஆளுக்கு நெல் அளந்துகொண்டிருந்தாள். படியின் வாயை உள்ளங்கையால் ஒரு வழி வழித்துத் தள்ளினாள். அப்போதுதான் கெங்கம்மாளுக்கு உறைத்தது. இந்த வீட்டில் தலைதட்டுகிறார்கள்.

சொல்ல ஆளில்லை. சொன்னால் தாயாரம்மாளிடம் போய்ச் சேரும். இந்தச் சமயத்தில்தான் அஞ்சம்மாள் கூடையோடு வந்தாள். அவளைக் கதைக்குள் விடுவதா வேண்டாமா என்று நான் ரொம்ப யோசித்தேன். கதை சொன்னவளே கதைக்குள் வந்தால் தன்னைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. கெங்கம்மாள் அவளைக் கொல்லைப்பக்கமாகக் கூப்பிட்டு ஒரு துண்டைக் கையில் வைத்தாள்.

அஞ்சம்மாள் தின்றாள். துப்பவில்லை. மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அய்யே, இன்னாமே இது? கருவாட்டுக்குப் போட்ற உப்ப மாங்காய்க்குப் போட்டுக்கிற?"

"அய்யோ, மெதுவா பேசு. அக்காவுக்குக் கேட்டுடும்."

பந்தய விவரத்தைக் கேட்டதும் அஞ்சம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எதுக்குமே அழுவுற? உங்கக்கா இன்னா சொல்லிச்சி? கெடாம இருக்கணும்னுதானே சொல்லிச்சி? ருசியா இருக்கணும்னு சொல்லிச்சா?"

"இல்ல."

"அப்போ கம்முனு இரு. உப்பு மேல உப்பு கீது உள்ள. ஆடி இன்னா, அடுத்த ஆடி வந்தாலும் கெடாது. எங்க கருவாடு கெடுதா? வேடு கட்டி மூலையில தள்ளு. தெறக்கிற அன்னிக்கி மூட்டையக் கட்டிக்கினு பஸ் ஏறிடு. அப்பால யாரு துன்னா உனுக்கு இன்னா?"

6

சரி. அஞ்சம்மாள் சொன்னபடி ஒரு முடிவு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன், அவ்வளவு சுலபம். கெங்கம்மாள் பேசாமல் வேடு கட்டுகிறாள். ஆடியில் திறக்கிறார்கள், கெடவில்லை. தாயாரம்மாள் சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறாள். கெங்கம்மாள் பஸ் ஏறுகிறாள். ஜன்னல் வழியே காற்று…

காற்று என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். பந்தயத்தில் பொய்யில்லை. சத்தியத்தில் பழுதில்லை. சொன்ன வார்த்தைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போயிற்று.

அவளுக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் சும்மாதான் இருந்தாள். அஞ்சம்மாள் சொன்னதை நினைத்து நினைத்துத் தைரியம் பண்ணிக்கொண்டாள். ஆனால் அஞ்சம்மாளின் கடைசி வார்த்தை அவளை விடவில்லை. அப்பால யாரு துன்னா உனுக்கு இன்னா?

யார் தின்பார்கள்? களத்துமேட்டிலிருந்து வெயிலில் வருகிற செங்கல்வராயன். அவருடைய இரண்டு பிள்ளைகள். அறுப்புக்கு வருகிற ஆட்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக அடிக்கூழைக் கரைத்துக்கொண்டு உட்காருகிற தாயாரம்மாள். அவளுக்குக் குழம்பு மிஞ்சாது, ஊறுகாய்தான். தான் கும்மிடிப்பூண்டியில் புது அடுப்பில் சமைத்துத் தின்னும்போது, அக்கா இங்கே தனியாக உட்கார்ந்து, தான் போட்ட உப்பைத் துப்பித் துப்பித் தின்பாள். வாய் திறந்து குறையும் சொல்லமாட்டாள். அதை நினைத்தபோது கெங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

சரிபண்ண வழி அவளுக்குத் தெரியும். குழம்பில் உப்பு ஏறினால் எல்லோரும் செய்வதுதான். உப்பில்லாத காயைச் சேர்த்தால் உப்பு பங்கு பிரிந்துவிடும். ஆனால் மூடிய ஜாடியைத் திறந்து பச்சைக்காய் சேர்த்தால் ஆபத்து. ஒரே ஒரு துண்டு உள்ளே பழுத்திருந்தாலும் போதும், ஈரம் விட்டு, நுரை கட்டி, மொத்தமும் போய்விடும். இப்போது ஜாடி கெடாது, ஆனால் தின்ன முடியாது. கை வைத்தால் தின்னும்படி ஆகலாம், அல்லது கெட்டே போகலாம். கெட்டால் தனி வீடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துளசிராமனிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "கெட்டுப் போச்சுன்னா?"

"போச்சுன்னா நீ ஓட்டல் சாப்பாடே துன்னு, மாமா."

"அடிப்பாவி!" என்றான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது, "பார்த்து செய்" என்று மட்டும் சொன்னான். எனக்கு அந்த இடத்தில் துளசிராமனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளாக வைத்தது தப்போ என்றுகூடத் தோன்றிற்று.

7

வீட்டு மரத்தில் காய் இல்லை. வைகாசி பாதி ஆகிவிட்டது. ஊத்துக்கோட்டைச் சந்தையில் வந்த காயில் முக்காலும் உள்ளே மஞ்சள் பாய்ந்தது. கெங்கம்மாள் ஒவ்வொன்றாக அழுத்தி, காம்பை முகர்ந்து, திருப்பிப் போட்டாள். காய்க்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாமா, மாங்காய்க்கு நாடி புடிச்சிப் பார்க்கிற? அதுக்கு இன்னா காய்ச்சலா?"

"பழுத்தது ஒண்ணு வந்தா எனுக்குக் காய்ச்சல் வந்துடும் அண்ணே. கொஞ்சம் பொறு."

பொறுக்கினாள். கூடவே ஒரு புதுப் பீங்கான் ஜாடி. இருந்த ஜாடியில் இன்னொரு பங்கு காய்க்கு இடமில்லை. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அணைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வந்தான். "கைக்கொயந்தையா? அரை டிக்கெட் போட்டுடட்டுமா?" பஸ் பூராவும் சிரித்தது. கெங்கம்மாளும் சிரித்தாள், பிடியை மட்டும் விடவில்லை.

வெட்டிய துண்டுகளைக் கொல்லையில் பாயில் பரப்பி ஒரு பகல் முழுக்க வெயிலில் போட்டாள், உள்ளீரம் இழுக்கட்டும் என்று. இந்த இடத்தில் ஒரு கோடைமழை வைக்கலாமா என்று எனக்கு ஆசை வந்தது. மேகம் திரள்கிறது, கெங்கம்மாள் ஓடுகிறாள், பாயை இழுக்கிறாள்… மூன்று பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அஞ்சம்மாள் மழை என்று சொல்லவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது என்றுதான் சொன்னாள். நல்ல வெயில் கிடைத்த பெண்ணின் தலையில் படபடப்புக்காக மழையைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

பழைய ஜாடியில் இருந்ததைப் பாதி புதிதில் மாற்றி, இரண்டிலும் காய்ந்த துண்டுகளைப் போட்டாள். கொஞ்சம் கடுகுப்பொடி, கொஞ்சம் மிளகாய்ப்பொடி, காய் மூழ்கி மேலே நிற்கிற அளவுக்கு எண்ணெய்.* உப்பு ஒரு கல்கூடப் போடவில்லை. இரண்டுக்கும் வேடு கட்டினாள். அதற்கப்புறம் அவளும் அந்த அறைப்பக்கம் போகவில்லை. போனால் அவிழ்த்துப் பார்த்துவிடுவோம் என்று பயம்.

(* சமைக்கிறவர்கள் கவனத்துக்கு: எண்ணெய் மேலே நிற்கவில்லை என்றால் இந்த வைத்தியம் பலிக்காது. கதை பிடிக்காவிட்டாலும் இதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.)

8

ஆடி முதல் ஞாயிறு. எல்லம்மாவுக்குப் படைத்தாயிற்று. வாசலில் பெரிய பெரிய பானைகளில் கேழ்வரகுக் கூழ், ஒரு அண்டா முருங்கைக்கீரை, அஞ்சம்மாள் கொண்டுவந்து போட்ட கருவாட்டில் குழம்பு. தெரு ஜனம் சொம்பும் கிண்ணமுமாக நின்றது. துளசிராமன் வந்திருந்தான். நிற்க முடியாமல் பானைக்கும் பானைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான். அஞ்சம்மாள் கூடையை இறக்கிவிட்டு, அறை வாசலுக்கு நேராக இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

தாயாரம்மாள் சத்தியம் செய்த நாளுக்கப்புறம் முதல் தடவையாக அந்த அறைக்குள் காலை வைத்தாள். ஒரு கையில் கூழ்க் கிண்ணம். இரண்டு ஜாடிகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னாடி இது, ரெண்டு கீது? ஒண்ணு இங்க, ஒண்ணு கும்மிடிப்பூண்டிக்கா? அதுக்குள்ள பங்கு பிரிச்சிட்டியா?"

"அய்யோ, அது இல்லக்கா. உப்பு பண்ண வேல அது."

கெங்கம்மாள் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். உப்பை இடித்தது, லட்சுமியென்று தலைதட்டாமல் அளந்தது, கரித்துப்போனது, பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு வாரம் இருந்தது, அப்புறம் திறந்து காய் சேர்த்தது. அஞ்சம்மாள் சொன்ன யோசனையை மட்டும் சொல்லவில்லை. (இது அஞ்சம்மாளே சொன்னது. அதனால் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.)

"பேசாம உட்டிருந்தா கெட்டிருக்காதே? செயிச்சிருப்பியே? அப்புறம் இன்னாத்துக்குடி அத்த நோண்டன?"

"நான் போய்ட்டா வருஷம் பூரா நீதானேக்கா அத்தத் துன்னணும்."

தாயாரம்மாள் கூழ்க் கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

("தாயாரம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். 'என் கண்ணே'…" — எழுதினேன், அடித்துவிட்டேன். வெளியே தெருவே பசியோடு நிற்கிறது. கையில் கூழ் இருக்கிறது. எப்படிக் கட்டிக்கொள்வாள்?)

கெங்கம்மாள் வேடு அவிழ்த்தாள். எண்ணெய் மேலே தெளிவாக நின்றது. நுரை இல்லை. கடுகு வாசனை அறையைத் தாண்டி வாசலுக்கு வந்தது. மரக்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து அக்காவின் கிண்ணத்தில் வைத்தாள். அந்தச் சமையல்கட்டு, அந்த ஆணி, அந்த முறம் எல்லாம் இப்போது தாயாரம்மாளின் வாய்க்குள் போகிறது என்று அவளுக்குப் பட்டது.

தாயாரம்மாள் கடித்தாள். மென்றாள். ஒரு வாய்க் கூழைக் குடித்தாள். மறுபடி கடித்தாள். ஓட்டில் ஒட்டியிருந்த சதையைப் பல்லால் சுரண்டினாள். ஓட்டைச் சப்பினாள். ஒரு பக்கம் சப்பி, திருப்பி மறுபக்கம் சப்பி, வெள்ளையாக எடுத்து வெளியே போட்டாள். துளசிராமன் நடப்பதை நிறுத்திவிட்டான்.

"கெட்டுப் போச்சு" என்றாள் தாயாரம்மாள். கண்ணில் தண்ணீர். அது காரத்தினால் இல்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. "சுத்தமா கெட்டுப் போச்சுடி. நீ எங்கியும் போவத் தேவல."

சொல்லிக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னொரு துண்டு போடு."

9

"அப்பால?" என்று கேட்டேன் அஞ்சம்மாளை.

"அப்பால இன்னா அப்பால? எனுக்கு பஸ்ஸு வந்திச்சிம்மா. ஓடிட்டேன்."

ஊத்துக்கோட்டை பஸ் திருவள்ளூர் ஸ்டாண்டிலிருந்து புறப்படுகிறது. ஏறினால் மத்தியானத்துக்குள் போய்க் கேட்டுவிட்டு வரலாம். என் வீட்டுக்காரர்கூட, "போய்த்தான் பார்த்துட்டு வாயேன், இங்க மண்டையப் போட்டு உடைச்சிக்கினு" என்கிறார். நான் போகமாட்டேன்.

கெங்கம்மாள் போய்விடுகிற மாதிரி ஒன்று எழுதினேன். அவள் இருந்துவிடுகிற மாதிரி ஒன்று எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலாவதில் தாயாரம்மாளின் அழுகை தாங்க முடியவில்லை. இரண்டாவதில் துளசிராமன் ஓட்டல் சாம்பாரைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான், அதுவும் தாங்க முடியவில்லை. ஆசிரியர் மூன்றாவதாக ஒன்று கேட்பார், யாராவது சாகிற மாதிரி. அது நடக்காது. இந்தக் கதையில் எல்லோரும் வயிறு நிறையக் கூழ் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறார்கள்.

அதனால் தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். எல்லம்மா மேல் சத்தியம் செய்தது வாய். ஆகையால் வாய் சொன்னதுதான் செல்லும் என்பீர்களா? இல்லை, நீட்டிய கையைப் பார்த்துச் சொல்வீர்களா? நீங்கள் எதைச் சொன்னாலும் நான் எழுதிக்கொள்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். கெங்கம்மாள் கரண்டியும் கையுமாக நிற்கிறாள். தாயாரம்மாள் நீட்டிய கிண்ணத்தை இன்னும் பின்னால் இழுக்கவில்லை.